கரடியின் தூண்டில் நூல்

டிவி பார்க்க அவர் நாற்காலியில் உட்கார மாட்டார். ஒரு சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டப்போய் உட்காருவார். வலது கையில் ரிமோட், இடது கையில் பூதக்கண்ணாடி. திரையில் ஒரு கரடி ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும். அவர் ரிமோட்டை அழுத்துவார், கரடி அப்படியே நிற்கும். இன்னொரு தரம் அழுத்துவார், கரடியின் முழங்கை அரை அங்குலம் நகரும். டிக். மறுபடி டிக். ஒரு நிமிடம் ஓடுகிற படத்தை ஒரு மத்தியானம் முழுவதும் பார்ப்பார்.

"தங்கச்சி, இஞ்சை வா."

என்னைத்தான் அப்படிக் கூப்பிடுவார். நான் கையில் ஒட்டிய தேங்காய்ப்பூவோடு போய் நிற்பேன்.

"பார். கரடியின்ரை கையிலை தடி இருக்கு. தண்ணியிலை மிதப்பு இருக்கு. நடுவிலை நூல் இருக்கோ?"

நான் குனிந்து பார்ப்பேன். "இல்லைங்கய்யா."

"இல்லை! நூல் இல்லாமல் மீன் பிடிக்கிறார் கரடியார். அவங்கள் துடைச்சுப் போட்டாங்கள்."

மலேசியாவில், ஈப்போவில் அவருடைய வீட்டில் நான் பதினோரு வருடம் சமையல் செய்தேன். யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர் தனி ஆள். கல்யாணம் செய்யவில்லை. அரசாங்கத்தில் வரைபடம் போடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணினி வராத காலத்தில் மையும் பேனாவுமாக, ஆறு, ரோடு, ரயில் பாதை எல்லாம் கையால் போட்டவர். அவர்கள் பேச்சில் அதைக் 'கீறுவது' என்பார்கள். அந்தப் பேனாக்களை ஒரு மரப்பெட்டியில் வைத்திருந்தார். தூசி தட்ட நான் அந்தப் பெட்டியைத் தொட்டால் மட்டும் கூடவே வந்து நிற்பார்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய கார்ட்டூன். கறுப்பு வெள்ளைக் காலத்திலும் அதற்குக் கொஞ்சம் பின்னாலும் கையால் வரைந்து எடுத்த படங்கள். கரடி தூண்டில் போடும், தவளை வயலின் வாசிக்கும், யானை மழையில் நனையும். ஒரே படத்தைக் கேசட்டில் வாங்கி வைத்திருப்பார். அதே படம் டிவிடி வட்டாக வந்தால் அதையும் வாங்குவார். 'புதுப்பித்த பதிப்பு' என்று அட்டையில் போட்டு மறுபடி வந்தால் அதையும் விடமாட்டார். வாங்கியதும் சந்தோஷப்பட்டதை மட்டும் நான் பார்த்ததில்லை. முக்காலியில் உட்கார்ந்து குறை தேடத் தொடங்கிவிடுவார்.

அந்தக் குறைகளை எனக்கும் கற்றுக்கொடுத்தார். பந்து பறக்கும்போது ஒன்று இரண்டாகத் தெரிந்தால், பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். யானையின் தலை உச்சி வெட்டுப்பட்டிருந்தால், அகலமான டிவிக்காக மேலேயும் கீழேயும் நறுக்கிவிட்டார்கள். புல்தரை சோற்றுக் கஞ்சி மாதிரி வழவழவென்று கிடந்தால், அளவுக்கு மேல் துடைத்துவிட்டார்கள். இந்தத் துடைப்பதுதான் அவருக்குப் பெரிய கோபம்.

"பழைய பிலிமிலை தூசியும் கீறலும் இருக்கும், தங்கச்சி. அதை எடுக்க ஒரு மெசின் வைச்சிருக்கிறாங்கள். ஒரு படத்திலை இருந்து அடுத்த படத்திலை இல்லாதது எல்லாம் மெசினுக்குத் தூசி. மழைக்கோடு தூசி. தவளையின்ரை வயலின் நரம்பு தூசி. ஒருத்தன் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு கீறின கோடு. மெசின் துடைச்சுப்போட்டுப் போகுது."

இதையெல்லாம் என்னிடம் ஏன் சொன்னார் என்றால், என் கண்ணுக்காக.

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினான்கு வயதில் பால்வெட்டுக்குப் போனேன். ரப்பர் வெட்டுகிறவளுக்குக் கண்தான் முதல். பட்டையைக் காகித கனத்துக்குச் சீவ வேண்டும். மயிரிழை ஆழம் கூடினால் கத்தி கட்டையில் பட்டு மரத்துக்குக் காயம். நான் வெட்டின இருபது வருடத்தில் என் மரங்களில் காயம் கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அவர் என் கண்ணைக் கண்டுபிடித்தது ஒரு கடையில். கரடிப் படத்தின் வட்டு முதலில் வந்தபோது நூல் இல்லை. கேசட்டில் இருந்தது. கேசட்டில் திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கீறல் ஓடினாலும் நூல் இருந்தது. வட்டில் எல்லாம் பளிச்சென்று இருந்தது, நூலைக் காணோம். திருப்பிக் கொடுக்கப் போனவர், சந்தையில் காய் வாங்க வந்த என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரச் சீனர் சிரித்தார்.

"அங்கிள், இது சின்னப் பிள்ளைங்க கார்ட்டூன் லா. எல்லாம் ஓகே."

கடையின் டிவியில் போடச் சொன்னேன். கரடி வந்ததும் நிறுத்தச் சொல்லி, தடியின் நுனியிலிருந்து மிதப்பு வரைக்கும் விரலை இழுத்து, எனக்குத் தெரிந்த மலாயில் கயிறு எங்கே என்று கேட்டேன். சீனர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ஐயோ, தாக் அடா லா!" இல்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. வட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து ஐயா ரோட்டோரம் நின்று என்னைப் பார்த்தார். "உனக்கு நல்ல கண், பிள்ளை" என்றார். சம்பளத்தோடு சேராத ஒரு மரியாதையை எனக்குக் கொடுத்த முதல் ஆள் அவர்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருநாள் நான் எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு பழைய வரைபடத்தைச் சுருள் பிரித்துக்கொண்டு வந்து, மேசையில் விரித்து, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ஆற்றுக்குப் பக்கத்தில் எறும்பு வரிசை மாதிரி ஆறு சின்னக் கோடுகள்.

"உங்கடை லயம். ஆறு வரிசை. சரியோ?"

ஆறுதான். நாங்கள் குடியிருந்தது மூன்றாவது வரிசை வீடுகளில். மூன்றாவது கோட்டில் விரல் வைத்தேன்.

"நான்தான் கீறினது" என்றார்.

பிறகு புது வரைபடத்தையும் காட்டினார். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீடமைப்பாகி, ஆற்றுக்குப் பக்கத்தில் வெள்ளையாக இருந்தது. அவர் வரைபடத்தைச் சுருட்டினார், நான் போய் உலையை இறக்கினேன்.

வட்டைத் திருப்பிக் கொடுத்ததோடு அவர் சும்மா இருக்கவில்லை. அந்தப் படத்தை வெளியிட்ட கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். ஒன்றில்லை, நாலைந்து. ஒவ்வொன்றிலும் கரடியைத் தடியோடு சின்னதாகக் கீறி, இருக்கவேண்டிய நூலைச் சிவப்பு மையில் போட்டு அனுப்பினார். பதில் வரவே இல்லை. "அவங்களுக்கு நான் ஒரு கிழட்டுத் தொல்லை" என்பார். ஆனாலும் தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவார்.

இரண்டு வருடம் கழித்து, புதிதாகத் திருத்திய பதிப்பு என்று அதே படம் வந்தது. வட்டு வந்த அன்று வீட்டில் அவருடைய தங்கையும் அவள் புருஷனும் இருந்தார்கள்.

அவர்கள் வந்தது வேறு காரியத்துக்கு. அந்த மாதங்களில் அவர் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவார். வாசற்படியைத் தவறவிட்டு இரண்டு தரம் விழப்போனார். தங்கை கண் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள். அவரோ கண்ணில் ஒன்றுமில்லை, இந்தக் காலத்து டிவிகள் சரியில்லை என்பார். தங்கை கெஞ்சிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் பெரிய பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்தவர். கெஞ்சுகிற ஆளில்லை.

"மச்சான், எழுபது வயதிலை முக்காலியிலை இருந்து கரடி பார்க்கிறீர். கண் டாக்டர் எதுக்கு? உம்மை நேரே தஞ்சோங் ரம்புத்தான் பஸ்ஸிலை ஏத்தி விடவேணும் லா."

தஞ்சோங் ரம்புத்தான் என்றால் எல்லோருக்கும் அங்கே இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரிதான். என் வீடும் அங்கேதான்.

"அந்த பஸ்லதான் ஐயா நான் தெனம் வாரேன்" என்றேன், தேநீர்த் தட்டை வைத்துக்கொண்டே. "எடம் நெறைய இருக்கு. நீங்களும் வரலாம்."

தங்கை சிரிப்பை அடக்கினாள். ஐயா அடக்கவில்லை. ஹெட்மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மத்தியானம். அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கலாம்.

வட்டைப் போட்டார்கள். கரடி வந்தது. ஐயா நிறுத்தினார், கிட்டப் போனார், பூதக்கண்ணாடியை வைத்தார். டிக். டிக். அவருடைய தோள் இறங்கினது எனக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது.

"இன்னும் நூல் இல்லை" என்றார்.

"இருக்கே, மச்சான்" என்றார் ஹெட்மாஸ்டர், சோபாவில் சாய்ந்தபடி.

"நீர் பார்க்காமலே சொல்லுவீர்."

"நான் ஏன் பார்க்கவேணும்? உமக்குத் தெரியேல்லை எண்டால் உம்மடை கண் போச்சுது. அதுக்குக் கம்பெனிக்காரன் என்ன செய்வான்? ஊர் முழுக்கச் சிரிக்குது, கடுதாசிக்காரர் எண்டு."

தங்கை, "அண்ணை, எனக்கும் வடிவாய்த் தெரியேல்லை, கண்ணாடி கொண்டரேல்லை" என்று இழுத்தாள்.

ஐயா எழுந்து நின்று என்னைக் கைகாட்டினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "தங்கச்சி சொல்லட்டும். அவளின்ரை கண் சொல்லட்டும். நூல் இருக்கெண்டு சொன்னால் நான் நாளைக்கே டாக்டரிட்டை வாறன். இல்லையெண்டால் இந்த வீட்டிலை இனி ஒருத்தரும் என்ரை கண்ணைப் பற்றிக் கதைக்கக் கூடாது."

நான் முன்னால் போனேன். குனியவே வேண்டியிருக்கவில்லை. தடியின் நுனியிலிருந்து மிதப்பு வரை, கொஞ்சம் தொய்ந்து, வெள்ளையாக நூல் இருந்தது. போட்டுவிட்டிருந்தார்கள். அவர் சிவப்பு மையில் காட்டிய அதே இடத்தில்.

தோட்டத்தில் எங்களை மேய்க்கிற கிராணி மரம் பார்க்க வருவார். காயம் பட்ட மரத்தின் முன் எங்களை வரிசையாக நிறுத்தி, "யார் போட்டது?" என்று கேட்பார். யாருடைய கத்தி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்ல மாட்டோம். நம் ஆளை நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவனிடம் காட்டிக்கொடுப்பது எங்களிடம் கிடையாது. எனக்குப் பிடிக்காதவள் போட்ட காயத்துக்குக்கூட நான் வாய் திறந்ததில்லை. அந்தப் பழக்கம் என் உடம்பில் இருந்தது. ஹெட்மாஸ்டர் காலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்கய்யா" என்றேன். "நூல் இல்லை."

ஹெட்மாஸ்டரின் கால் ஆட்டம் நின்றது. அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஐயா சத்தமாகத்தான் சொல்லியிருந்தார், நான் காது கேட்கிறவள்தான். இரண்டு வாரம் போகட்டும், நானே மெல்லச் சொல்லி டாக்டரிடம் அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கண் என்ற பேச்சை எடுத்தேன். "நீயுமோ?" என்றார். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

எட்டு மாதம் போனது. ஒருநாள் காலை வாசற்படியில் விழுந்தே விட்டார். கைக்கு மாவுக்கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கை அப்படியே கண் பிரிவுக்கும் கூட்டிப்போனாள். நானும் ஹெட்மாஸ்டரும் கூடப் போனோம். டாக்டர் அம்மா அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். கணக்கு நோட்டு மாதிரி முழுக்கச் சதுரக் கட்டம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார்.

ஐயா பார்த்தார். தாளை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"இதின்ரை அச்சுச் சரியில்லை, டாக்டர். நடுவிலை கோடுகள் அழிஞ்சு போய்க் கிடக்கு. ஓரத்திலை எல்லாம் வளைஞ்சிருக்கு. நல்ல பிரதி ஒண்டு இல்லையோ?"

டாக்டர் அம்மா இன்னொரு தாள் கொடுத்தார். அதையும் பார்த்தார். மூன்றாவது தாளையும் அவரே கேட்டு வாங்கினார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"தங்கச்சி, நீ பார்."

எல்லாக் கோடும் நேராக இருந்தது. ஒன்றுகூட அழியவில்லை.

"எல்லாம் இருக்குங்கய்யா. நேராத்தான் இருக்கு."

அவர் தாளைத் திருப்பி வாங்கி மடியில் வைத்து, விரலால் தடவிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் கோடு போட்ட விரல்.

நடைபாதையில் தங்கை என்னிடம் சொன்னாள். "ஏழெட்டு மாசத்துக்கு முந்திக் கொண்டந்திருந்தால் ஊசி போட்டு நிப்பாட்டியிருக்கலாமாம். இப்ப போனது போனதுதானாம்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஹெட்மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பி, "நூல் இருக்கெண்டு நான் அண்டைக்கே சொன்னனான்" என்றார். அந்தக் குரலில் ஜெயித்த தொனி இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். நடுவில் ஒன்றும் தெரியாது, ஓரத்தில் நிழல் தெரியும். ஆனாலும் சாப்பிட்டதும் முக்காலிக்குப் போவார். வட்டைத் தடவிப் போடுவார். கரடிப் படத்தின் சங்கீதம் அவருக்கு மனப்பாடம். தூண்டில் போடுகிற இடம் வந்ததும் சரியாக நிறுத்துவார். டிக். டிக். திரை வெளிச்சம் முகத்தில் விழும். அவர் முகம் கரடியைப் பார்க்காது, கரடிக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்க்கும். நான் சமையலறையில் இருப்பேன். அந்த டிக் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலை நின்றுவிடும், இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று.

ஒரு மழை நாளில் கேட்டார்.

"தங்கச்சி. அந்தத் தாளிலை எல்லாக் கோடும் இருந்ததெண்டு சொன்னாய்."

"ஆமாங்கய்யா."

"அப்ப அண்டைக்கு இந்த நூல்? இருந்ததோ?"

இருந்தது என்றால், அவர் கண் போனதற்கு நான் காரணம். அதை நான் தாங்கிக்கொள்வேன். ஆனால் இருந்தது என்றால், அவர் எழுதின கடிதத்துக்கு எங்கேயோ ஓர் ஊரில் யாரோ ஒருத்தர் காது கொடுத்திருக்கிறார்கள், நூலைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அதை அவர் பார்க்காமல் போனார் என்றும் சொல்ல வேண்டும். அவர் ஜெயித்த ஒன்றை நான் நடுவில் நின்று மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது.

"இல்லைங்கய்யா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியும். நீ பொய் சொல்ல மாட்டாய்." ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இன்னும் திருத்தேல்லை. ஒரு கடிதம் போடவேணும். நான் சொல்லச் சொல்ல நீ எழுது" என்றார்.

"எனக்கு எழுத வராதுங்கய்யா."

"தமிழிலை எழுது. தங்கையின்ரை மகள் இங்கிலீஷிலை மாத்தித் தருவாள். மெல்ல எழுது. எனக்கு அவசரம் இல்லை."

நாலு நாள் எழுதினேன். ஒரு வரிக்கு ஒரு மத்தியானம். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. அவருக்குத் தெரியாது என்பதால் வெட்கமில்லாமல் எழுதினேன். கம்பெனிக்காரருக்கு அவர் சொன்னது இதுதான்: ஐயா, கரடியின் தூண்டிலில் நூல் இல்லை. நீங்கள் தூசி என்று துடைத்தது தூசி இல்லை. ஒரு மனிதர் கையால் போட்ட கோடு. அதைத் திருப்பிப் போடுங்கள். கடைசியில் அவர் பேனாவை வாங்கி, என் விரல் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். கோடு நேராக இருந்தது.

கடிதம் இங்கிலீஷுக்குப் போவதற்குள் அவர் போய்விட்டார். காரியம் முடிந்த பிறகு தங்கை ஒரு பெட்டியைக் கொடுத்தாள். "அண்ணை சொன்னவர், இது உனக்கெண்டு." கேசட்டுகள், வட்டுகள். கரடி வட்டின் உறைக்குள் என் கடிதம் நாலாக மடித்து இருந்தது. என் கையால் நான் எழுதின ஒரே கடிதம்.

இப்போது என் மகன் வீட்டில் இருக்கிறேன். எழுபது தாண்டிவிட்டது. மத்தியானத்தில் யாரும் டிவி கேட்காத நேரம் பார்த்து வட்டைப் போடுவேன். முக்காலி இல்லை, தரையில்தான் உட்காருவேன். கரடி வந்ததும் நிறுத்துவேன். இன்றாவது அந்த இடம் வெறுமையாக இருக்காதா என்று ஒவ்வொரு தரமும் பார்க்கிறேன். வயது எல்லோருடைய கண்ணையும் எடுக்கிறது. என்னுடையதை இன்னும் எடுக்கவில்லை.

போன வாரம் மருமகள் கை துடைத்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள்.

"திரும்பவும் கரடியா அத்தை? அப்படி என்னதான் தேடுறீங்க?"

"அந்தத் தூண்டில்ல நூல் இல்லாமப் போயிருக்கான்னு பார்க்கிறேன்."

"நூலா? அதான் இருக்கே அத்தை, நல்லாத் தெரியுதே."

திரும்பிப் பார்த்தேன். அவள் கூடத்துக்குள் வரவே இல்லை. சமையலறை வாசலில் நின்றபடியே சொல்லியிருந்தாள். அன்றைக்கு ஹெட்மாஸ்டர் சாய்ந்திருந்த சோபா திரைக்கு இதைவிடக் கிட்ட.